கல் யாருடையது

தராசுக்கு எடை தெரியாது. இரண்டு தட்டுகளில் எது தாழ்கிறது, இரண்டும் சமமாக நிற்கின்றனவா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது மறு தட்டில் இருக்கும் கல். அந்தக் கல்லைச் செய்தது யார், அது யார் கையில் இருக்கிறது, சரியான கல்தான் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்ற வழக்குதான் நிறுவையின் வரலாறு நெடுகிலும் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பாடப்புத்தகங்கள் இந்த வரலாற்றை அலகுகளின் பட்டியலாகவும் கருவிகளின் வளர்ச்சியாகவும் சொல்கின்றன. வழக்கு அதில் விடுபட்டுப்போகிறது. கீரைக்கட்டையும் மீன் கூறையும் கண்ணால் பார்த்து வாங்குகிறோம்; அங்கே கல் தேவைப்படுவதில்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே ஏற்க முடியாத இடத்தில், பொன்னும் மிளகும் நெல்லும் கைமாறிய இடத்தில், தராசைத் தொங்கவிட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளில் இந்த வழக்கின் ஒரு பகுதி இருக்கிறது. ராஜராஜன் கொடுத்தது, அவன் அக்கன் குந்தவை கொடுத்தது, அரசிகளும் அதிகாரிகளும் கொடுத்தது என்று பொன்னும் மணியும் கலங்களும் அங்கே ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கின்றன. கொடையைக் கல்லில் வெட்டுவது அந்தக் கால வழக்கம்தான். ஆனால் நிறையை இவ்வளவு பொறுமையாக எழுதிவைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் நின்றுவிடுகிறது. கழஞ்சில் தொடங்கி, மஞ்சாடிக்கு இறங்கி, குன்றிக்கு இறங்கிப் போகிறது கணக்கு. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சை ஏறத்தாழ ஐந்து கிராம் என்று கொண்டால் குன்றி ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பேரரசன் கொடுத்த நகையில் அந்த எட்டில் ஒரு பங்கு கிராமும் கணக்கில் வந்தாக வேண்டும் என்று யாரோ பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். நகையில் கோத்திருந்த நூலும் உள்ளே நிரப்பியிருந்த அரக்கும் நிறையில் சேர்ந்திருந்தால் அதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே உண்டு. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதை அந்தக் கல்வெட்டுகள் விடாமல் சொல்கின்றன. பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் கல்லால். மணிகள் பதித்த அணிகளை நிறுத்தது தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். இரண்டும் அந்தக் கோயிலில் குடிகொண்ட இறைவனின் பெயர்கள்.

இதைப் பக்தி என்று மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். கொடுப்பவன் அரசன். பெற்றுக்கொள்வது கோயில். கோயிலின் பண்டாரத்தைப் பார்த்துக்கொள்பவர்களும் அரசன் நியமித்தவர்கள். நூறு ஆண்டுகள் கழித்து ஒரு பண்டாரி, தான் பொறுப்பேற்றபோது இருந்த பொன்னுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும். அப்போது, இது அரசனுடைய கல்லால் நிறுத்தது, என் கல்லில் இது குறைவாகத்தான் வருகிறது என்று அவர் சொல்லிவிட முடியாது. கொடுத்தவனுக்கும் காப்பவனுக்கும் பொதுவாக, இருவருக்கும் சொந்தமில்லாமல் ஒரு கல் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் எவருக்கும் சொந்தமில்லாமல், எல்லோரும் அஞ்சும்படி இருந்த பெயர் இறைவனுடையது. ஆகவே கல்லுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

அதே நூற்றாண்டுகளின் மற்றக் கல்வெட்டுகளில் ஊர்க்கல் வருகிறது, குடிஞைக்கல் வருகிறது. பொன் இத்தனை கழஞ்சு என்று சொன்னால் போதாது. எந்தக் கல்லால் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் கல் வேறு, கல்லுக்குக் கல் நிறை வேறு. இன்று இரண்டு கிலோ துவரம்பருப்பு என்றால் யாருடைய கிலோவால் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி மறைந்துபோனது மனிதர்கள் கூடிச் செய்த பெரிய காரியங்களில் ஒன்று. எவ்வளவு பாடுபட்டு மறைந்தது என்பதை மறந்துவிட்டோம்.

கேள்வியே எழாமல் இருக்க வேண்டும் என்றுதான் முதலில் விதைகளிடம் போயிருப்பார்கள். குன்றிமணியை எந்த மன்னனும் செய்யவில்லை. மஞ்சாடி மரத்தடியில் சிவப்பு விதைகளை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். மத்தியதரைக் கடலோரத்தில் இதே வேலையைக் கராப் மரத்து விதை செய்தது. வைரத்தை நிறுக்கும் காரட் அங்கிருந்து வந்தது. கராப் விதைகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 2006-இல் சுவிட்சர்லாந்தில் அந்த விதைகளை எடுத்து நிறுத்துப் பார்த்தார்கள். மற்ற மரங்களின் விதைகளைப் போலவே அவையும் கூடியும் குறைந்தும்தான் இருந்தன. ஆனால் மனிதக் கண், மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் ஒதுக்கிவிட்டு ஏறக்குறைய ஒத்த விதைகளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. எனக்கு அந்த இரண்டாவது முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. விதை பொதுவானதுதான், பொறுக்குகிற கண் பொதுவானதில்லை. பொன் வாங்கும்போது ஒரு கைப்பிடி, விற்கும்போது வேறொரு கைப்பிடி என்று வைத்துக்கொள்ள நினைப்பவரை விதையால் தடுக்க முடியாது.

சிந்துவெளியின் எடைக்கற்கள் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. வழவழப்பாகத் தேய்த்த செர்ட் கல்லால் ஆன கனசதுரங்கள். பெரும்பாலானவற்றில் எந்தக் குறியும் கிடையாது. சிறியவை ஒன்றுக்கொன்று இரட்டிப்பாகப் போகின்றன. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று ஏறி, பதினாறாவது மடங்கு ஏறத்தாழ 13.7 கிராம். இந்த இரட்டிப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. முதல் நான்கு கற்களை வைத்துக்கொண்டு ஒன்று முதல் பதினைந்து வரை எந்த நிறையையும் நிறுத்துவிடலாம். அதோடு, ஒரே அளவுள்ள இரண்டு கற்களை ஒரு தட்டில் போட்டால் அடுத்த கல்லைச் சோதித்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், அந்த இரண்டையும் இந்தப் பக்கம் போடு, பார்க்கலாம் என்று சொல்ல முடியும். கற்களின் தொகுதி தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

தராசும் அப்படித்தான். ஒரு கை மறு கையைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு நீளமாக இருந்து, சரக்கை நீளமான பக்கம் போட்டால், ஒரு கிலோ கல்லுக்கு 980 கிராம் வந்ததுமே முள் நடுவில் நின்றுவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றிப் போட்டால் பிழை இரண்டு மடங்காகி, தட்டு சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். சந்தையில் பழக்கப்பட்ட பெண்கள் தட்டை மாற்றிப் போடச் சொல்வது இதனால்தான். தட்டின் அடியில் புளியை ஒட்டிவைப்பது ஊரறிந்த தந்திரம். வெறும் தட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னால் அது வெளிப்பட்டுவிடும். இரும்புக்கல்லில் ஒரு குழி உண்டு. அதில் ஈயம் ஊற்றி எடையைச் சரிசெய்து, அந்த ஈயத்தின் மேலேயே அரசு முத்திரையைக் குத்துவார்கள். ஈயத்தைச் சுரண்டினால் முத்திரையும் சேர்ந்து போய்விடும். இப்படி யோசித்து வைத்தவர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிறது. ஏமாற்றுகிறவன் எப்படி ஏமாற்றுவான் என்பதை முழுக்க நினைத்துப் பார்த்த பிறகே இந்தக் கருவிகளை வடித்திருக்கிறார்கள்.

பழைய சென்னை மாகாணத்து எடைகளுக்கு இன்னொரு ஆதாரம் இருந்தது. மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம். தோலா என்பது ஒரு வெள்ளி ரூபாயின் எடை, 11.66 கிராம். அப்படியானால் பலம் மூன்று ரூபாய் எடை, சேர் இருபத்துநான்கு ரூபாய் எடை. கடைக்காரர் வைத்திருக்கும் பலத்தின் மேல் சந்தேகம் வந்தால் மடியிலிருந்து மூன்று ரூபாயை எடுத்துத் தட்டில் போட்டுப் பார்க்கலாம். மடியில் மூன்று ரூபாய் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். ஆனால் அரசின் கல் நாணயமாக ஊர் ஊராகச் சுற்றிவந்தது என்பது சிறிய காரியமில்லை. அதே நாட்டில் சென்னை மணங்கு பதினொன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, வங்காளத்து மணங்கு முப்பத்தேழு கிலோவுக்கு மேல். வடக்கே சரக்கு அனுப்பிய வணிகர் ஒவ்வொருவரும் இந்த இடைவெளியில் விழுந்து எழுந்திருப்பார்.

அரசனே கல்லாக அமர்ந்த ஒரு சடங்கும் நம்மிடம் உண்டு. துலாபாரத்தில் ஒரு தட்டில் அரசன், மறு தட்டில் பொன். 1014 அளவில் திருவிசலூரில் ராஜராஜன் துலாபாரம் புகுந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஹம்பியில் விட்டலர் கோயிலுக்கு அருகே அரசர்களை நிறுக்கத் தராசு தொங்கவிட்ட கல்தோரணம் இன்றும் நிற்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் அரசனின் உடலே அளவை. மற்ற நாள்களில் அவன் ஆணை அளவையாக இருந்தது.

ஆணை அளவையாக இருப்பதன் கொடுமை ஐரோப்பாவில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. போலந்து வரலாற்றாசிரியர் விடோல்ட் குலா 1970-இல் வெளியிட்ட நூலில், நிலப்பிரபுக்கள் குடியானவர்களிடம் தானியத்தை எப்படி வாங்கினார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்பதை விவரிக்கிறார். வாங்கும்போது படியைக் குவித்து அளப்பார்கள். கொடுக்கும்போது தலை தட்டி அளப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னால், 1789-இல், நாடு முழுவதிலிருந்தும் முறையீடுகளை எழுதி அனுப்பச் சொன்னபோது, ஒரே அரசன், ஒரே சட்டம், ஒரே எடை, ஒரே அளவு வேண்டும் என்ற குரல் திரும்பத் திரும்ப எழுந்தது. மெட்ரிக் முறையை அறிவியலாளர்களின் ஒழுங்கு மோகம் என்று நினைப்பவர்கள் அந்த முறையீடுகளை மறந்துவிடக் கூடாது. அறிவியலாளர்கள் பதிலைத் தந்தார்கள். கேட்டது தானியம் அளந்து கொடுத்துக் களைத்தவர்கள்.

பதில் அழகானது. பிரபுவின் கல் வேண்டாம், அரசனின் கல்லும் வேண்டாம், தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிராம் என்று 1795-இல் சட்டம் வந்தது. தண்ணீரின் நிறையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர் வேதியியலாளர் லவாய்சியே. அதற்குள் 1794 மே 8 அன்று அவர் தலையைக் கில்லட்டின் வாங்கிவிட்டது. அரசுக்காக வரி வசூலித்த குழுமத்தில் அவர் பங்குதாரராக இருந்தது காரணம். அளவையின் அநீதிக்கு எதிராக எழுந்த புரட்சி, நீதியான அளவையைத் தேடிக்கொண்டிருந்தவரைக் கொன்றுவிட்டது. மற்றவர்கள் வேலையை முடித்தார்கள். 1799 ஜூனில் பிளாட்டினத்தால் ஆன ஒரு கிலோகிராம் உருளை பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டது. எல்லாக் காலத்துக்கும், எல்லா மக்களுக்கும் என்பது அவர்கள் முன்வைத்த முழக்கம்.

ஆனால் தண்ணீரைக் கல்லாக வைத்து யாரும் நிறுக்க முடியாது. சூடு கூடினால் அது விரிகிறது. காற்று அதில் கரைகிறது. அளக்கும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டுகிறது. தண்ணீரிலிருந்து பிறந்த பிளாட்டினக் கல்லே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1875 மே 20 அன்று பாரிஸில் பதினேழு நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1889-இல் புதிய கல்லை ஏற்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பிளாட்டினம், பத்துப் பங்கு இரிடியம். 39 மில்லிமீட்டர் உயரம், அதே விட்டம். பாரிஸை அடுத்த செவ்ரில், அனைத்துலக எடை அளவு நிறுவனத்தின் நிலவறையில் அதைப் பூட்டிவைத்தார்கள். பெட்டகம் திறக்க மூன்று சாவிகள். ஒன்று நிறுவன இயக்குநரிடம், ஒன்று அனைத்துலகக் குழுவின் தலைவரிடம், ஒன்று பிரெஞ்சு ஆவணக் காப்பகத்திடம். மூவரும் சேர்ந்து வராமல் திறக்க முடியாது. தஞ்சையில் இறைவன் பெயரால் செய்ததை இங்கே மூன்று சாவிகளால் செய்தார்கள்.

அந்தக் கல்லின் நகல்கள் நாடுகளுக்குப் போயின. இந்தியாவுக்கு வந்தது 57-ஆம் எண். அது தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 1956-இல் எடை, அளவுகளுக்கான சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் கிலோ புழக்கத்துக்கு வரத் தொடங்கி, சில ஆண்டுகளில் பலமும் வீசையும் கடைகளிலிருந்து வெளியேறின. பெயர்கள் மட்டும் கல்லைவிட நீண்டு வாழ்கின்றன. நகைக்கடையில் இன்றும் பவுனில்தான் பேசுகிறோம். அது எட்டு கிராமாகிவிட்டது. இலங்கையில் பாண் இன்னும் இறாத்தல் கணக்கில்தான் விலை போகிறது. வெங்காயத்தையும் நெல்லையும் அந்தரில் பேசிய தலைமுறை இன்னும் இருக்கிறது.

செவ்ர் கல்லுக்கு என்ன ஆயிற்று என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் மனதைத் தொடும் பகுதி. நகல்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நூறு ஆண்டுகளில் மிகச் சில முறையே அதை வெளியே எடுத்தார்கள். ஈதரும் ஆல்கஹாலும் நனைத்த மென்தோலால் துடைத்து, வடிநீரின் ஆவியால் கழுவி, தராசில் வைத்தார்கள். 1988-இல் தொடங்கிய சோதனையில், பல நகல்கள் நூறு ஆண்டுகளில் மூலக்கல்லிலிருந்து ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் விலகியிருப்பது உறுதியானது. ஒரு கைரேகை விட்டுச்செல்லும் பிசுபிசுப்பின் எடை அவ்வளவுதான் இருக்கும். நகல்கள் கூடினவா, மூலம் குறைந்ததா? அதைச் சொல்ல வழியே இல்லை. ஏனென்றால் கிலோகிராம் என்பதே அந்தக் கல்தான். அது தேய்ந்தால் உலகத்தில் உள்ள அத்தனை பொருள்களும் கனம் கூடிவிட்டதாகத்தான் கணக்கு வரும். எவருக்கும் சொந்தமில்லாத கல்லைத் தேடிப் போனவர்கள் கடைசியில் எவராலும் சோதிக்க முடியாத கல்லைப் பெற்றிருந்தார்கள். மொகஞ்சதாரோவின் வணிகர் ஒருவர் தன் எதிராளியிடம் கேட்கக்கூடிய கேள்வியை, உலகத்தின் தலைசிறந்த அளவையியலாளர்கள் தங்கள் கல்லிடம் கேட்க முடியவில்லை.

அதற்கான விடையை பிரிட்டனைச் சேர்ந்த பிரையன் கிப்பிள் 1975-இல் முன்வைத்த ஒரு தராசு தந்தது. அதில் மறு தட்டில் கல் கிடையாது. காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அந்த விசையால் எடையைத் தாங்கி நிறுத்துகிறார்கள். பிறகு அதே சுருளை அதே புலத்தில் நகர்த்தி, அதில் எழும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். இரண்டு அளவீடுகளையும் சேர்க்கும்போது காந்தத்தின் வலிமையும் கம்பியின் நீளமும் கணக்கிலிருந்து கழன்றுவிடுகின்றன. மிஞ்சுவது மின்சாரமும் நிறையும். மின் அளவுகளைக் குவாண்டம் விளைவுகளின் வழியாக, இயற்கையில் எங்கும் மாறாத எண்ணான பிளாங்க் மாறிலியோடு கட்டிவிட முடியும் என்பதால், கிலோகிராமையும் அந்த மாறிலியோடு கட்டிவிடலாம். இன்னொரு குழு தூய சிலிக்கானில் ஒரு கோளத்தைச் செதுக்கி அதிலுள்ள அணுக்களைக் கணக்கிட்டது. இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன. 2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய நாடுகள் கிலோகிராமை அந்த மாறிலியோடு கட்ட ஒருமனதாக வாக்களித்தன. 2019 மே 20 முதல் செவ்ர் கல் ஓர் உலோக உருளை மட்டும்தான்.

கிப்பிள் 2016-இல் இறந்துவிட்டார். அந்த வாக்கெடுப்பை அவர் பார்க்கவில்லை. அது எனக்கு வருத்தம் தருகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன முழக்கத்தின் பொருள் அன்றுதான் முழுமையாக நிறைவேறியது. பிளாங்க் மாறிலி செவ்ரிலும் ஒன்றுதான், செஞ்சியிலும் ஒன்றுதான். அதற்குச் சாவி கிடையாது, காவலர் கிடையாது.

கருவிக்குக் காவலர் உண்டு. கிப்பிள் தராசை வைத்திருக்கும் நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அது இருக்கட்டும், அங்கிருந்து படிப்படியாக இறங்கிவரும் சங்கிலி நம் ஊர்க் கடைவரைக்கும் ஒழுங்காகவே வருகிறது. நான் கவலைப்படுவது சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பற்றி.

அங்கே இப்போது மின்னணுத் தராசு இருக்கிறது. அதன் தட்டுக்கு அடியில் ஓர் உலோகத் துண்டு. சுமை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. மாற்றத்தை எண்ணாக்கிக் காட்டுகிறார்கள். நல்ல கருவி, விரைவானது, ஐந்து கிராமைக்கூடச் சொல்லும். ஆனால் அது உணர்வது பூமியின் இழுப்பை. அந்த இழுப்பு இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே கிலோவுக்கு ஐந்து கிராம் அளவுக்கு வேறுபடும். கல் வைத்து நிறுக்கும் தராசில் இந்தச் சிக்கல் இல்லை; இழுப்பு மாறினால் கல்லுக்கும் சரக்குக்கும் சேர்ந்தே மாறும். மின்னணுத் தராசை எந்த ஊரில் வைக்கிறார்களோ அங்கே ஒரு நல்ல கல்லை ஏற்றி, இதுதான் ஒரு கிலோ என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கல் போய்விடவில்லை. அது உள்ளே, நினைவாக, எண்ணாக ஒளிந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் யார், எப்போது, எந்தக் கல்லால் என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியாது. தட்டை மாற்றிப் போடச் சொல்ல வழியில்லை. ஒரே ஒரு தட்டுதான். ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரைக்கும் அடுத்த முத்திரைக்கும் நடுவில் சிவப்பு எண் சொல்வதுதான் எடை.

கடையில் இது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. கால் கிலோ தக்காளியில் பத்து கிராம் குறைந்தால் அடுத்த முறை வேறு கடைக்குப் போவோம். விற்பவரே ஏழையாக இருந்து வாங்குபவர் தராசை வைத்திருக்கும் இடங்கள்தான் கொடியவை. தேயிலைத் தோட்டத்தில் முதுகில் சுமந்துவந்த கொழுந்தைத் தொங்கும் தராசில் மாட்டுகிறார்கள். முள் காட்டும் முகம் பெரும்பாலும் கணக்குப்பிள்ளையின் பக்கம். சாக்குக்கு இவ்வளவு, மழைநாளில் இலையில் இருக்கும் தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியை எழுதுகிறார்கள். இலங்கை மலையகத்தில் எடை எட்டாத நாளில் முழுப்பேர் போடாமல் அரைப்பேர் போடுவார்கள். அரை நாள் கூலி. ஒரு கிலோ கழிவதற்கும் அரை நாள் உழைப்புக் கழிவதற்கும் இடையில் இருப்பது அந்த ஒரு முள். வில் தராசில் கல்லே கிடையாது என்பதால் எதிர்த்துக் கேட்பதற்கு ஒரு பொருளும் கைவசம் இல்லை.

காவிரிப் படுகையில் நெல்லை விற்கக் காத்திருப்பவர்களின் நிலையும் இதற்கு அடுத்ததுதான். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூட்டைக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்துப் பிடிக்கிறார்கள் என்ற முறையீடு குறுவைக்கும் சம்பாவுக்கும் தவறாமல் எழுகிறது. வானம் கறுத்துக்கொண்டு வரும்போது, களத்தில் நெல்லைக் கொட்டிவைத்து வாரக்கணக்கில் காத்திருந்தவர், தராசின் எண்ணை எதிர்த்து எப்படிப் பேசுவார்? பேசினால் அவர் மூட்டை கடைசிக்குப் போகும். அந்த நேரத்தில் பிளாங்க் மாறிலி அவருக்குத் துணைக்கு வராது.

பொதுக் கல்லை வைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் தராசு விற்பவருடையது இல்லை. காலையில் சந்தை நிர்வாகம் உழவர்களுக்குக் கொடுக்கும். வியாபாரம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கை இருந்தது. அங்கே இது முடிகிறது என்றால் நெல் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் முடியாமல் போவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கிப்பிள் தராசு வேண்டாம். முத்திரை குத்திய 20 கிலோ இரும்புக்கற்கள் இரண்டு போதும். இரண்டும் சேர்ந்தால் சரியாக ஒரு சிப்பம். கொள்முதல் நிலையத்தின் தராசுக்குப் பக்கத்தில் அவை எப்போதும் கிடக்க வேண்டும். தன் மூட்டை ஏறுவதற்கு முன்னால் அந்த இரண்டையும் தட்டில் தூக்கிவைத்து, எண் 40 காட்டுகிறதா என்று பார்க்கும் உரிமை வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். 40 காட்டவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை பிடிப்பை நிறுத்தச் சொல்லவும், அதனால் தன் முறை தள்ளிப்போகாமல் இருக்கவும் எழுத்தில் ஒரு விதி வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரே ஒரு பத்துக் கிலோ கல் போதும், தராசின் முகம் கூடை சுமந்து வருகிறவர் பக்கம் திரும்பியிருந்தால்.